குளோரின் வண்டியை நிறுத்திய இடம்

பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். எந்த வண்டியை நிறுத்தலாம், என்னென்ன காகிதம் கேட்கலாம், எப்போது வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கும். பிடித்த வண்டியை எங்கே நிறுத்தி வைப்பது என்று, நான் படித்த புத்தகத்தில் எங்கும் கண்டதாக நினைவில்லை. உங்கள் புத்தகத்தில் இருந்தால் நல்லது. இருந்தாலும் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். என் முப்பது வருட வேலையில் மிக மோசமாக முடிந்திருக்க வேண்டிய ஒரு நாளின் கதை இது. மோசமாக முடியாததால்தான் இப்படி உட்கார்ந்து உங்களிடம் சொல்ல முடிகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூர் வட்டாரத்தில் நான் மோட்டார் வாகன ஆய்வாளர். அது பதவியின் பெயர்; ஊரில் எல்லோருக்கும் நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்குத் தனி விதிகள் வந்து அதிக காலம் ஆகவில்லை. ஓட்டுநர் தனிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சரக்கின் பெயரும் ஆபத்துக் குறியும் எழுதிய பலகை வண்டியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். விபத்து நடந்தால் என்ன செய்வது என்று அச்சடித்த அட்டை ஒன்று ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில், "உங்க பக்கம் ஆசிட் வண்டி, கேஸ் வண்டி எதுவுமே ஓடறதில்லையா?" என்று மேலே இருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சுருக்கென்று தைத்தது.

அடுத்த நாளே கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் போய் நின்றுவிட்டேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதத்தில் வரும் காற்று கையில் இருக்கும் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஒரு கையால் தொப்பியையும் இன்னொரு கையால் ஃபைலையும் அழுத்திக்கொண்டுதான் அன்று வேலை பார்த்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு லாரி வந்தது. ஐந்து குளோரின் உருளைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். உள்ளே ஏறக்குறைய ஒரு டன் குளோரின் இருக்கும் என்பதால் டன்னர் என்பார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற சரக்கு. ஆபத்துப் பலகையின் மேல் தார்ப்பாய் சரிந்து மூடியிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓட்டுநர் சங்ககிரிக்காரர். பெயர் செங்கோடன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேட்பதற்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் எடுத்து நீட்டினார். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இல்லை.

"ஓனரு அடுத்த பேட்ச்சுல அனுப்பறேன்னு சொல்லியிருக்காருங்க. பதினோரு வருசமா இந்த லோடுதானுங்க ஓட்டறேன்" என்றார்.

"பதினோரு வருசமாத் தப்பா ஓட்டியிருக்கீங்கன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். என்னுடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

செங்கோடன் சிரிக்கவில்லை. "கேசு எழுதிக்குங்க சார், நான் வேண்டாமுங்கல. வண்டிய மட்டும் உட்டுருங்க. இது நிறுத்தி வெக்கற சரக்கில்லீங்க. வார வழியிலயே லேசா பிளீச்சிங் பவுடராட்ட வாசம் அடிச்சுதுங்க. அங்க போயிட்டா அவிங்ககிட்ட சாமானமெல்லாம் இருக்குது, பாத்துக்குவாங்க."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. இருக்காது, நான் நின்றது லாரிக்கு மேற்கே, காற்று வருகிற பக்கம். காற்று அன்று என் முதுகில் அடித்து லாரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது என் மூளைக்கு எட்டவில்லை. பிடிபட்ட ஓட்டுநர் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் எட்டியது. பால் கெட்டுவிடும் என்பார்கள், கோழி செத்துவிடும் என்பார்கள், பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்பார்கள். இவர் வாசம் என்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிடித்த வண்டிகளை வழக்கமாகக் கொண்டுபோய் விடும் காவல் நிலையம் பின்னால் தூரத்தில் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக எனக்குப் பொறுமை இல்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே சாலையோரம் காலி மைதானம், நிழலுக்குப் புளியமரங்கள். "அங்க கொண்டுபோய் நிறுத்துங்க" என்றேன்.

"அந்தத் தாவுல வேண்டாமுங்க சார். கெழக்கால பள்ளிக்கொடமுங்க."

"பள்ளிக்கூடத்தைப் பாத்து நீங்க எதுக்குப் பயப்படறீங்க? நிறுத்துங்க."

நிறுத்தினார். வண்டிச் சாவி, உரிமம், சரக்குச் சீட்டு, அந்த அவசர அட்டை எல்லாவற்றையும் வாங்கி ஃபைலில் வைத்துக் கட்டினேன். சாயங்காலம் வந்து மற்றதைப் பேசிக்கொள்ளலாம், வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறி மூன்று மைல் தெற்கே போய் அடுத்த சோதனையைத் தொடங்கினேன். காவலுக்கு ஒருவரையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மணி ஒன்று இருக்கும். பொள்ளாச்சிக்குப் போகிற தனியார் பஸ் ஒன்று எங்கள் ஜீப்புக்கு எதிரே கிரீச்சிட்டு நின்றது. கண்டக்டர் குதித்து ஓடி வந்தார்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் நீங்கதானுங்களா? நீங்க புடிச்சுப் போட்ட லாரி லீக்காகுதுங்க. உங்களைக் கையோட வரச் சொன்னாருங்க அந்த டிரைவரு."

எங்கள் ஜீப் ஓட்டுநர் ரங்கசாமி நான் ஏறி உட்காரும் முன்பே வண்டியை எடுத்துவிட்டார். மூன்று மைல். அந்த மூன்று மைலில் நான் என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. முதலில் நினைத்தது குழந்தைகளை அல்ல, என் வேலையை. அப்புறம்தான் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. சத்துணவு நேரம். எல்லாக் குழந்தைகளும் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம்.

சும்மா உட்கார முடியாமல் ஃபைலைப் பிரித்தேன். அவசர அட்டை மேலே இருந்தது. காலையில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, 'உண்டு' என்று குறித்திருந்தேன். இப்போதுதான் படித்தேன். முழுக்க ஆங்கிலம். காற்று வருகிற பக்கம் நில். மேட்டுக்குப் போ, பள்ளத்தில் நிற்காதே. கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றாதே. ஆள் நடமாட்டம் உள்ள இடமானால், முடிந்தவரை வண்டியை நிறுத்தாமல் வெட்டவெளிக்கு ஓட்டிப் போ. கீழே ஒரு தொலைபேசி எண். செங்கோடனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் காலையில் அவர் வாயால் சொன்னது முழுக்க அந்த அட்டையில் இருந்தது.

ஊருக்கு வெளியிலேயே ரங்கசாமியை நிறுத்தச் சொன்னேன். தெற்கிலிருந்து நாங்கள் வந்ததால் வாசம் இன்னும் எட்டவில்லை. இறங்கி மேற்கே சுற்றிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி வந்து, பிறகு மைதானத்தை நோக்கித் திரும்பினேன். லாரியின் பின்பக்கத்திலிருந்து, தரையோடு தரையாக, பச்சை கலந்த மஞ்சள் புகை ஒன்று கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. அடர்த்தியான புகை இல்லை. ஒரு முழ அகலம்தான் இருக்கும். ஆனால் அது நேராகப் பள்ளிக்கூட மதிலில் போய் முட்டி, மதிலைத் தாண்டி உள்ளே இறங்கியது.

பள்ளிக்கூட வளாகம் தெரிந்தது. வரிசை வரிசையாக அலுமினியத் தட்டுகள். தட்டில் சோறு. ஒரு குழந்தைகூட இல்லை.

"குழந்தைக எங்கே?" என்று கத்தினேன்.

செங்கோடன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுப் பக்கம் நின்றிருந்தார். கையை நீட்டித் தெற்கே காட்டினார். ஊரை ஒட்டி ஒரு கரடு, பாறையும் புதருமாக. அதன் உச்சியில் வெள்ளையும் நீலமுமாகக் கூட்டம்.

"வாசம் எச்சானதுமே ஓடிப்போயி டீச்சரம்மாகிட்டச் சொன்னனுங்க. அந்தம்மா ஒரு கேள்வி கேக்கலீங்க. 'எந்தப் பக்கம் போகட்டுமுங்க'ன்னு மட்டும் கேட்டுச்சு. கெழக்க வேண்டாம், தெக்க மேட்டுக்குப் போங்கன்னேன். தெக்கால இருக்கற கம்பி வேலியப் பிரிச்சு வரிசையாக் கூட்டிட்டுப் போயிருச்சுங்க."

தலைமை ஆசிரியை ஸ்டெல்லா டீச்சரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அந்தக் கரட்டு மேட்டைப் பார்த்து நான் கும்பிட்டேன். ரங்கசாமி பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நிம்மதிக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிழக்கே வீடுகள் இருந்தன. அங்கேயும் ஆட்கள் இருமிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், நல்ல மனிதர், பம்புசெட்டைப் போட்டு நீளமான ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தண்ணியடிச்சா அடங்கீருமுங்க!" என்று கத்தினார். நான்கைந்து பேர் அவருக்குக் கைகொடுத்தார்கள்.

குறுக்கே ஓடி ஹோஸைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாமுங்க! தண்ணி பட்டா அந்த எடமே அரிச்சு ஓட்டை பெருசாயிரும். வேண்டாமுங்க!"

"ஏனுங்க, நீங்கதான் கொண்டாந்து நிறுத்துனீங்க, நீங்களே அணைக்க வேண்டாமுங்கறீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. அட்டையை மட்டும் தூக்கிக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஹோஸைக் கீழே போட்டார்.

செங்கோடன் என்னிடம் வந்தார். "சாவி குடுங்க சார். எடுத்துட்டுப் போயர்றேன். வடமேக்கால ஒரு வண்டித்தடம் இருக்குது. அங்க மேட்டாங்காடு, ஒரு ஊடு கெடையாதுங்க. காத்த எதுத்துப் போனா பொகை பின்னால போயிரும், என் மேல வராது."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாவியைக் கொடுத்து வழியில் அவர் மயங்கி விழுந்தால், ஓட்டத் தகுதியில்லை என்று காலையில் நானே எழுதிய ஆளிடம் நானே வண்டியைக் கொடுத்ததாக ஆகும். கொடுக்காமல் தீயணைப்பு வண்டிக்குக் காத்திருந்தால், என் காகிதம் சுத்தமாக இருக்கும். புகை அந்த நேரம் முழுவதும் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருக்கும். காகிதத்தைக் காப்பாற்றுகிற முடிவு எப்போதும் முதலில் வந்து நிற்கும். அது நியாயமான முடிவு மாதிரியே இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, இப்போது யார் மூச்சு முட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். மீதி தானாகத் தெளியும்.

"சாவி இல்லாமயே எடுத்திருக்கலாமே? ஒயரைச் சேத்தாப் போதுமே" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எடுத்துப்போட்டிருப்பனுங்க. நீங்க எடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டுப் போனீங்க. ஒருக்கா உங்களைக் கேட்டுப்போட்டு எடுக்கலாம்னு ஆளனுப்புனேன். இன்னும் அஞ்சு நிமிசம் நீங்க வரலீன்னா எடுத்திருப்பேன்."

சாவியைக் கொடுத்தேன். கூடவே நானும் ஏறப் போனேன். செங்கோடன் கையால் தடுத்தார். "நீங்க ஏறி என்ன பண்ணப் போறீங்க? முன்னால போயி தடத்துல இருக்கற ஆளுகள வெலக்குங்க சார்."

அவர் சொன்னது சரி. கொஞ்சம் அவமானமாக இருந்தது, ஆனாலும் சரி. ரங்கசாமியைப் பஸ் நிறுத்தத்துக் கடையில் இருந்த தொலைபேசிக்கு அனுப்பினேன், அட்டையில் இருந்த எண்ணோடு. ஜீப்பை நானே எடுத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போனேன். தடத்தில் இரண்டு மாட்டு வண்டிகள், ஆடு மேய்க்கிற ஒரு பெண், சைக்கிளில் வந்த ஒருவர். எல்லோரையும் காற்று வருகிற பக்கத்து வயலுக்குள் இறங்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். ஆட்டுக்காரப் பெண் நகரவில்லை. ஆடுகளை விட்டுப் போக மாட்டேன் என்றார். ஆடுகளையும் சேர்த்து நானே விரட்டினேன். பின்னால் செங்கோடன் மெதுவாக, நிற்காமல், குழிகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டி வந்தார்.

ஒன்றரை மைல் போனதும் சோளம் விதைத்து இன்னும் முளைக்காத வெறும் காடு. கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் ஒன்றும் இல்லை. வண்டியின் முகத்தைக் காற்றுப் பார்க்க நிறுத்திவிட்டு செங்கோடன் இறங்கினார். பத்தடி நடந்தார். உட்கார்ந்து இருமத் தொடங்கினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன.

ரங்கசாமி தொலைபேசியில் பிடித்தது சரக்கு அனுப்பிய இடம். அவர்கள் உடனே அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் அங்கிருந்து இரண்டு பேர் முகமூடியும் கருவிகளுமாக வந்தார்கள். அம்மோனியாவில் நனைத்த துணியைக் குச்சியில் கட்டி உருளைகளின் பக்கம் நீட்டினார்கள். மூன்றாவது உருளையின் வால்வு அருகே வெள்ளைப் புகை எழுந்தது. கசிவு அங்கேதான். வால்வின் கழுத்தில் ஒரு நட்டு வண்டியின் அதிர்வில் தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்பேனரை வைத்து முக்கால் திருகு திருகினார் ஒருவர். துணியை மறுபடி காட்டினார். புகை இல்லை.

அவ்வளவுதான். முக்கால் திருகு. நான் அந்த உழவுக் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செங்கோடனைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். கிழக்கு வீடுகளிலிருந்து வந்த நாலைந்து பேருக்குக் கண்ணுக்கு மருந்து போட்டு அன்றைக்கே அனுப்பினார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. காலையில் டாக்டர், "நெஞ்சு கிளியரா இருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்றபோது செங்கோடனைவிட எனக்குத்தான் மூச்சு வந்தது. உரிமத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"கேசு எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார்.

"எழுதுவேனுங்க. சர்டிபிகேட் இல்லாதது இல்லாததுதானே. ஆனா என்னைப் பத்தியும் எழுதுவேன்."

அவர் உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செரி, எழுதுங்க" என்றார்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்டெல்லா டீச்சர் வாசலில் நின்று வேலிக் கம்பியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். ஒல்லியான உருவம். நான் யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளைக நல்லா இருக்குதுங்க. மேட்டுமேல உக்காந்து நாலு பாட்டுப் பாடுச்சுங்க. இன்னைக்கும் போலாமான்னு காலையில இருந்து கேட்டுட்டே இருக்குதுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க சார், கேஸ் வண்டிய எங்க செவத்தோரமா நிறுத்தறப்ப உள்ள வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா? அந்த டிரைவருக்குத் தோணுச்சுங்களே."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை குறையாமல் கேட்டார். அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த வண்டியைப் பிடித்து வைத்தாலும், பக்கத்துக் கதவைத் தட்டி இன்னது நிற்கிறது என்று சொல்லாமல் நான் ஜீப்பில் ஏறியதில்லை. அது எந்த விதியிலும் இல்லை. ஸ்டெல்லா டீச்சரின் விதி.

இனி அறிக்கை. அதையும் சொல்லிவிடுகிறேன், வண்டியில் நடக்கிற தவறைவிட மேசையில் நடக்கிற தவறுதான் நம் துறையில் அதிகம்.

எங்கள் மேலதிகாரி கண்டிப்பானவர், ஆனால் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"'மேற்படி வாகனம் மைதானத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.' நெம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அது தானாப் போயி நின்னுக்கிச்சுங்களா?"

அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"'ஓட்டுநரிடமிருந்து சாவி பெறப்பட்டது.' யாருங்க பெத்தது? 'பள்ளி நிர்வாகத்துக்குத் தகவல் தரப்படவில்லை.' யாரு தரலீங்க?"

"நான்தானுங்க சார்."

"அப்ப அத எழுதுங்க. இந்த மாதிரி எழுதுனா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நானே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிச்சிருவேன். அடுத்த வருசம் இன்னொருத்தரு இன்னொரு பள்ளிக்கொடத்துப் பக்கத்துல நிறுத்துவாரு. யாரு என்ன முடிவெடுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க அந்த முடிவை மாத்த முடியும்."

அங்கேயே உட்கார்ந்து திருப்பி எழுதினேன். 'நான் நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. வாசம் வருகிறது என்று அவர் சொன்னதையும் நம்பவில்லை. அவசர அட்டையை நான் படிக்கவில்லை.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனா தயங்கியது. கடைசி வரியில் புள்ளி வைத்தபோது, நம்புங்கள், உடம்பு லேசாகிவிட்டது. அதுவரை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ எழுந்து போனது போல இருந்தது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப் போனது. அதே அறிக்கையை வைத்து மேலதிகாரி இன்னொரு காரியமும் செய்தார். எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு முக்கியச் சாலையிலும் இப்படிப்பட்ட வண்டிகளை எங்கே நிறுத்தலாம், வீடு, பள்ளி, கிணறு எதுவும் பக்கத்தில் இல்லாத இடம் எது என்று பார்த்து வரச் சொன்னார். அந்த வேலையை என் தலையிலேயே கட்டினார். மதுக்கரையிலிருந்து பொள்ளாச்சி வரை இரண்டு வாரம் ரங்கசாமியும் நானும் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டோம். எங்களை நிலம் வாங்க வந்த புரோக்கர்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

அதற்கு அடுத்த வருடம் என்னைப் பெருந்துறைப் பக்கம் மாற்றினார்கள். ஒரு நாள் காலை தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் நின்றிருந்தேன். தூரத்தில் ஒரு லாரி. மேலே டன்னர்கள், முன்பக்கம் பலகை பளிச்சென்று தெரிந்தது. கையைக் காட்டினேன். லாரி வேகத்தைக் குறைத்தது; ஆனால் நிற்கவில்லை. எங்களைத் தாண்டிப் போய், டீக்கடைகளையும் தாண்டி, இரண்டு பர்லாங் தள்ளி ஆள் இல்லாத பொட்டல் ஓரம் போய் நின்றது.

கூட இருந்த உதவியாளருக்குக் கோபம். "பாத்தீங்களா சார்? கை காட்டியும் நிக்காமப் போறான். ஜீப்பை எடுக்கட்டுமா?"

"வேண்டாமுங்க. நடந்தே போலாம்" என்றேன்.

வெயிலில் நடந்து போனோம். ஓட்டுநர் இறங்கி நின்றிருந்தார். செங்கோடன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை எடுத்தார். புதிது. வாங்கப் போனேன். அவர் கொடுக்காமல் என் தோளுக்கு மேலே சாலையோரப் புளியமரக் கிளை ஆடுவதை ஒரு கணம் பார்த்தார்.

"காத்து மாறியிருக்குதுங்க சார். இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து நின்னு பாருங்க."

நகர்ந்து, அவர் காட்டிய இடத்தில் போய் நின்றேன்.